யார் சொல்லித் தெரிந்தது?

பெற்றோரின் கண்காணிப்பில் வளரும் பிள்ளைகள் வழிதவறுவது குறைவு என்பது 1980களிலும் 90களிலும் உளவியலில் பெரிதாகக் கேள்வி எழாத செய்தி. ஆய்வு மேல் ஆய்வாக அதையே சொன்னது. கண்காணிப்பு கூடுதலாக உள்ள வீடுகளில் போதைப் பழக்கம் குறைவு, சில்லறைத் திருட்டு குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவது குறைவு. ஆலோசகர்கள் பெற்றோருக்குச் சொன்ன அறிவுரையும் அதிலிருந்தே பிறந்தது: எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று ஒரு கண் வைத்துக்கொண்டே இருங்கள்.

ஸ்வீடனின் ஒரெப்ரோ பல்கலைக்கழகத்தில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் அந்த ஆய்வுகளின் முடிவுகளை ஓரமாக வைத்துவிட்டு, வினாக்களை எடுத்துப் படித்தார்கள். ‘கண்காணிப்பு’ என்ற பெயரில் கேட்கப்பட்டிருந்தவை பெரும்பாலும் ஒரே ரகம். உங்கள் பிள்ளையின் நண்பர்கள் யார் என்று தெரியுமா? பள்ளி விட்டதும் எங்கே போகிறான் என்று தெரியுமா? கையில் கொடுக்கும் காசை எதற்குச் செலவழிக்கிறான் என்று தெரியுமா? ‘தெரியும்’ என்று சொன்னவர்கள் கண்காணிக்கும் பெற்றோர் என்ற பட்டியலில் சேர்ந்தார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி அங்கே இல்லை.

ஸ்டாட்டினும் கெரும் அதைக் கேட்டார்கள். நடு ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேர், கூடவே அவர்களுடைய பெற்றோர். பிள்ளையின் சங்கதி பெற்றோருக்குத் தெரியவர மூன்று வழிகளைப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளை தானாக வந்து சொல்வது ஒன்று. பிள்ளையிடமும் அதன் சிநேகிதர்களிடமும் துருவிக் கேட்பது இரண்டாவது. கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், எங்கே போனாய் என்று வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்று விதி போடுவது மூன்றாவது. 2000-ஆம் ஆண்டு ‘சைல்டு டெவலப்மென்ட்’ இதழில் முடிவு வெளியானது. பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பங்கு முதல் வழியில் வந்தது. மற்ற இரண்டும் கொண்டுவந்து சேர்த்தது சொற்பம். பெற்றோரின் விழிப்பை அளந்ததாக நினைத்துக்கொண்டிருந்த ஆய்வுகள் பிள்ளைகளின் வாயை அளந்திருந்தன.

இதைப் படித்ததும் ‘அப்போது கண்காணிப்பே வேண்டாம்’ என்று தாவிவிடக் கூடாது. ஒழுங்காக இருக்கும் பிள்ளைக்கு மறைக்க ஒன்றுமில்லை, ஆகவே சொல்கிறது; தப்புச் செய்யும் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. சொல்வதால் ஒழுங்கா, ஒழுங்கால் சொல்வதா என்பதை ஒரே ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பு தீர்த்துவைக்காது. பிறகு அவர்கள் பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள்; 2010-இல் வந்த அந்த முடிவும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் அடிதடியும் போதையும் புழங்கும் பகுதிகளில் பெற்றோரின் கறாரான மேற்பார்வை பிள்ளையைக் காக்கிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஊர், வயது, பிள்ளையின் சுபாவம் எல்லாம் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன. எனினும் ஸ்டாட்டினும் கெரும் வைத்த கேள்வி இன்றைக்கும் நிற்கிறது. இந்த அத்தியாயத்தில் போன், இன்ஸ்டாகிராம், லொகேஷன், பாஸ்வேர்டு என்று எதைப் பேசினாலும் அந்தக் கேள்விதான் அடியில் ஓடும்: இது, பிள்ளை வந்து சொல்வதைக் கூட்டுமா, குறைக்குமா?

பதின்மூன்று வயதில் சொல்வது தானாகவே குறையும். அதற்குப் போன் வரவேண்டும் என்பதில்லை. போன் யுகத்துக்கு முன்பே, சிகாகோவின் புறநகர்களில் ரீட் லார்சனும் அவருடைய குழுவினரும் 220 பிள்ளைகளிடம் பேஜர் கொடுத்துவைத்தார்கள். எதிர்பாராத நேரத்தில் அது ஒலிக்கும். ஒலித்ததும் எங்கே இருக்கிறோம், யாரோடு இருக்கிறோம், மனநிலை எப்படி என்று பிள்ளை குறித்துவைக்க வேண்டும். 1996-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, பத்து வயதில் விழித்திருக்கும் நேரத்தில் 35 சதவீதத்தைக் குடும்பத்தோடு கழித்த பிள்ளை, பதினெட்டு வயதில் 14 சதவீதத்தைத்தான் கழித்தது. பெற்றோர் இந்த எண்ணைப் பார்த்து நெஞ்சில் கைவைப்பார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. எல்லோருமாகக் கூடத்தில் உட்காரும் நேரம்தான் கரைந்தது. அம்மாவோடு மட்டும், அப்பாவோடு மட்டும் இருக்கும் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. டூவீலரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் பதினைந்து நிமிடத்துக்கு வீட்டில் யாரும் கணக்கு வைப்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வரும் பேச்சு சாப்பாட்டு மேஜையில் வராது.

சொல்வது ஏன் குறைகிறது என்பதற்கு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்மெட்டானா தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெற்றோர், பிள்ளை இருவரையும் அது குற்றவாளி ஆக்குவதில்லை. வளரிளம் பிள்ளைகள் பெற்றோரின் அதிகாரத்தை மொத்தமாக உதறிவிடுவதில்லை என்று அவர் காட்டினார். பிறரைத் துன்புறுத்தாதே என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு உண்டு. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தானதைத் தடுக்கும் உரிமை உண்டு. இதைப் பிள்ளைகளே ஒப்புக்கொள்கிறார்கள். எனக்கு யாரைப் பிடிக்கும், என் முடியை எப்படி வெட்டிக்கொள்வேன், தோழியிடம் என்ன பேசினேன் என்பதெல்லாம் என்னுடையது. இங்கே நுழையாதே என்கிறார்கள். சண்டை எல்லைக்கோட்டில் நடக்கிறது. பெற்றோர் ஒன்றைப் பாதுகாப்பு விஷயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், பிள்ளை அதையே தன் சொந்த விஷயம் என்கிறது. வயது ஏற ஏற அந்தக் கோட்டைப் பிள்ளை தன் பக்கமிருந்து தள்ளிக்கொண்டே வரும். வளர்வது என்பதில் பாதி அதுதான்.

போன் சரியாக அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. முன்பு தெருமுனை வேறு, நாட்குறிப்பு வேறு. தெருமுனையில் யாரோடு நிற்கிறாய் என்று அப்பா கேட்டால் அது பாதுகாப்பு. நாட்குறிப்பை எடுத்துப் படித்தால் அத்துமீறல். இன்றைக்கு முன்பின் தெரியாத ஆள் வந்து பேசும் இடமும், உயிர்த்தோழியிடம் அழும் இடமும், கண்ணாடி முன் நின்று எடுத்த நாற்பது படங்களும் ஒரே திரைக்குப் பின்னால் கிடக்கின்றன. முன்னதைப் பார்க்கப் போனால் பின்னது கண்ணில் படாமல் இருக்காது. ‘நான் வாங்கிக் கொடுத்த போன்தானே’ என்ற வாதம் பெற்றோருக்கு நியாயமாகப் படும். பீரோவும்தான் அப்பா காசில் வாங்கியது, மகளின் தட்டைத் துழாவுகிறோமா?

பெற்றோரின் சந்தேகத்தைக் காசாக்க ஒரு தொழிலே இருக்கிறது. பிள்ளையின் மெசேஜ், அழைப்பு, லொகேஷன், தேடிய சொற்கள் எல்லாவற்றையும் பெற்றோரின் திரைக்குக் கொண்டுவரும் ஆப்புகள். இவற்றில் பல எப்படி வேலை செய்கின்றன என்பது சுவாரசியமானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக்காட்டுவதற்காக ஆண்ட்ராய்டில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். அந்த அனுமதியை வாங்கிக்கொண்டால் ஓர் ஆப் மற்ற ஆப்புகளின் திரையையும் வாசித்துவிடலாம். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட வாட்ஸ்அப் மெசேஜ்கூடத் திரையில் விரியும்போது வெறும் எழுத்துதானே. இதே வழியைத்தான் திருட்டு ஆப்புகளும் பயன்படுத்துகின்றன.

பமீலா விஸ்நியெவ்ஸ்கியின் குழு 2017-இல் இப்படிப்பட்ட 75 ஆண்ட்ராய்டு ஆப்புகளைப் பிரித்துப் பார்த்தது. அவற்றின் வசதிகளில் 89 சதவீதம் பெற்றோர் பார்ப்பதற்கும் தடுப்பதற்கும் உரியவை. பிள்ளை தன்னைத் தானே கவனித்துக்கொள்ளவோ, இருவரும் உட்கார்ந்து பேசவோ உதவுபவை மிச்சமிருந்த சொற்பம். மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள், ஆப் கடையில் பிள்ளைகள் எழுதிவைத்த விமர்சனங்களைப் படித்தார்கள். முக்கால் பங்குக்கு மேல் ஒற்றை நட்சத்திரம். இது எதிர்பார்த்ததே, பூட்டுக்குத் திருடன் நட்சத்திரம் கொடுப்பானா என்று கேட்கலாம். ஆனால் அந்த விமர்சனங்களில் கணிசமானவை ‘என்னைத் தடுக்கிறது’ என்பதோடு நிற்கவில்லை; அம்மாவுக்கும் எனக்கும் இருந்த உறவைக் கெடுத்துவிட்டது என்கின்றன. பாராட்டியவர்களும் இருந்தார்கள். படிக்கும் நேரத்தில் கவனம் சிதறாமல் இருக்க உதவுகிறது என்ற வகைப் பாராட்டு அது.

சரி, உறவு கொஞ்சம் கசந்தாலும் தகவலாவது கிடைக்குமா? நெதர்லாந்தில் ஸ்கைலர் ஹாக்கும் சகாக்களும் இதை அளந்தார்கள். பெற்றோர் தன் அறையையும் பொருள்களையும் பேச்சையும் வேவு பார்க்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகள் மறைப்பதைக் கூட்டினார்கள். விளைவு, நாளடைவில் பெற்றோருக்குத் தெரிந்திருந்தது குறைந்தது. 2013-இல் வந்த அந்தக் கட்டுரை, தேடியது கிடைக்கவில்லை என்ற பொருளில் ஒரு பழைய ராக் பாட்டின் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டது. ஆய்வாளர்களுக்கும் நையாண்டி வரும்.

மறைக்கும் கலையில் பிள்ளைகளை வெல்ல முடியாது. அமெரிக்கப் பதின்பருவத்தினரிடையே பல ஆண்டுகள் சுற்றிய டானா பாய்ட், பெரியவர்கள் விழித்திருக்கும் பகல் முழுக்கத் தன் ஃபேஸ்புக் கணக்கையே முடக்கிவைத்துவிட்டு இரவில் மட்டும் உயிர்ப்பிக்கும் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்மூரில் அவ்வளவு தொழில்நுட்பம் தேவைப்படுவதில்லை. கொரோனாக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக அம்மாவின் போன் பிள்ளை கைக்கு வந்தது. பல வீடுகளில் இன்றும் ஒரே போனை இருவர் பகிர்கிறார்கள். அந்தப் போனில் ‘பிரியா டியூஷன்’ என்று ஒரு நம்பர் இருக்கும். பிரியாவுக்கு மீசை இருக்கலாம்.

கண்காணிப்பு ஆப்பைப் பற்றிய இன்னொரு சங்கதியைப் பெற்றோர் யோசிப்பதே இல்லை. பிள்ளையைப் பற்றிய தகவலெல்லாம் ஓரிடத்தில் குவிகிறதே, அந்த இடத்துக்கு யார் காவல்? 2018 மே மாதம் டீன்சேஃப் என்ற அமெரிக்க ஆப்பின் இரண்டு சர்வர்கள் பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடந்தது தெரியவந்தது. பெற்றோரின் மின்னஞ்சல், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குப் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் வெட்ட வெளிச்சத்தில் இருந்தன. பாஸ்வேர்டைக் குறியாக்கம்கூடச் செய்திருக்கவில்லை. அந்த ஆப் வேலை செய்ய வேண்டுமானால் பிள்ளையின் கணக்குக்கு உள்ள இரண்டடுக்குப் பாதுகாப்பை அணைத்துவைக்க வேண்டும் என்பது வேறு கதை.

பிள்ளைகளின் போனில் ஆப் ஏற்றுவதை ஒரு நாடே செய்து பார்த்தது. தென்கொரியாவில் 2015 ஏப்ரலில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பெயரில் போன் இணைப்புக் கொடுத்தால், தகாதவற்றைத் தடுக்கும் ஆப்பைத் தொலைபேசி நிறுவனம் அதில் ஏற்றியே ஆக வேண்டும். அரசின் பண உதவியோடு ஒரு தொழில் சங்கம் உருவாக்கிய ‘ஸ்மார்ட் ஷெரிஃப்’ என்ற இலவச ஆப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது. டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகமும், க்யூர்53 என்ற ஜெர்மன் பாதுகாப்பு நிறுவனமும் அதைப் பிரித்து ஆராய்ந்தன. 2015 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 26 ஓட்டைகள். பிள்ளைகளின் போன் நம்பர், பிறந்த தேதி போன்றவற்றை வெளியாள் எடுத்துவிடலாம். பெற்றோர்போல் நடித்துக் கட்டுப்பாட்டையே கையில் எடுத்துக்கொள்ளலாம். அந்த நவம்பரில் ஆப் கடையிலிருந்து நீக்கப்பட்டது. பிள்ளைகளைக் காக்கச் சட்டம் போட்டு ஏற்றிய ஆப், ஏற்றாமல் இருந்திருந்தால் இல்லாத ஆபத்தைப் பிள்ளைகளின் சட்டைப்பையில் வைத்திருந்தது.

தடுப்பான்களின் பலன் குறித்து ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018-இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஒரு பிள்ளை ஆபாசத்தைப் பார்க்காமல் தடுக்க, 17 முதல் 77 வீடுகள் வரை தடுப்பான் போட்டாக வேண்டும். அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத பலன். ஒன்பது வயதுக் குழந்தை தவறுதலாக எதிலும் போய் விழாமல் இருக்கத் தடுப்பான் போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பையனுக்குப் பக்கத்துப் பெஞ்சில் வேறொரு போன் இருக்கிறது.

இதுவரை பார்த்தது ஒரு பக்கம். மறுபக்கத்தில், பிள்ளை வீட்டில் சொல்லாது என்பதையே முதலீடாக வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்துவரும் குற்றம் இது. இலக்கு பெரும்பாலும் 14 முதல் 17 வயது ஆண்பிள்ளைகள். அழகான பெண் படத்தோடு ஒரு ஃபேக் ஐடி. இரண்டு மூன்று பொது நண்பர்கள் இருப்பதால் சந்தேகம் வருவதில்லை. பேச்சு வேகமாக நெருங்கும். முதலில் ‘அவள்’ ஒரு படம் அனுப்புவாள், நீயும் அனுப்பு. அல்லது வீடியோ காலுக்கு வரச்சொல்லி, அந்தப் பக்கம் திரையைப் பதிவு செய்துகொள்வார்கள். படம் கைக்குப் போன மறுநொடி குரல் மாறும். உன் நண்பர்கள் பட்டியல் முழுவதும் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பணம் வராவிட்டால் எல்லோருக்கும் போகும். இந்தியாவில் பணம் யுபிஐயில் கேட்கப்படும். கொடுத்தால் நிற்காது, தொகை கூடும். இந்த மிரட்டலில் சிக்கி உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. படமே அனுப்பாத பிள்ளையும் தப்புவதில்லை. இன்ஸ்டாவில் போட்ட சாதாரணப் படத்தை மார்ஃபிங் செய்ய இன்று ஒரு நிமிடம் போதும்.

நம் வீடுகளில் போனைச் சோதிப்பது என்றால் அது பெரும்பாலும் மகளின் போன். மகனின் போனை யாரும் தொடுவதில்லை. பணம் பறிக்கும் கூட்டமோ மகனைத்தான் தேடுகிறது. மகளுக்கு நேரும் மிரட்டல் வேறு ரகம். பல சமயம் தெரிந்தவனிடமிருந்தே வரும், பணத்தைவிடக் கீழ்ப்படிதலைக் கேட்கும். பொள்ளாச்சியில் முகநூல் பழக்கத்தில் தொடங்கி, படமெடுத்து, மிரட்டி நடந்த பாலியல் கொடுமைகள் நீண்ட காலம் வெளியே வரவில்லை. 2019 பிப்ரவரியில் 19 வயது மாணவி ஒருவர் வீட்டில் சொல்லிப் புகார் கொடுத்த பிறகே வெடித்தது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காவல்துறையே வெளியே விட்டது; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தனை பெண்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று புகார் வெளிவந்தபோது ஊரே கேட்டது. சொன்னால் படிப்பு நிற்கும், போன் போகும், ஜாதகம் வெளியே எடுக்கப்படும் என்பது அந்தக் கேள்வியைக் கேட்ட வீடுகளுக்கும் தெரியும்.

மிரட்டுகிறவன் ‘பத்து நிமிடம்’ என்று கெடு வைப்பதில் ஓர் உளவியல் இருக்கிறது. அதை அவன் பாடப்புத்தகத்தில் படித்திருக்க மாட்டான். உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் தலைமையில் இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சோதனைகளில் இரண்டு திறன்கள் வெவ்வேறு வேகத்தில் வளர்வது தெரிந்தது. நிதானமான சூழலில் தகவலை எடைபோட்டு முடிவெடுக்கும் திறன் பதினாறு வயது வாக்கில் பெரியவர்களுக்குச் சமமாகிவிடுகிறது. பரபரப்பு, பயம், ஆசை, சிநேகிதர்களின் பார்வை இவற்றுக்கு நடுவே தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் முதிர இருபதுகளைத் தொட வேண்டியிருக்கிறது. இதே ஸ்டைன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005-இல் ஒரு கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, பாய்வதா? 13 முதல் 16 வயதுக்காரர்கள் தனியாக ஆடும்போது ஒரு மாதிரி ஆடினார்கள். இரண்டு நண்பர்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததும் துணிச்சல் மிகவும் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் நண்பர்கள் இருப்பதும் இல்லாததும் வித்தியாசம் செய்யவில்லை. போன் வைத்திருக்கும் பிள்ளையின் பக்கத்தில் நண்பர்கள் எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே சூடான நேரத்தில் பிள்ளை சரியாக யோசிக்கும் என்று நம்புவது வீண். ஆறிய நேரத்தில் யோசித்துவைத்ததை அந்த நேரத்தில் நினைவுகூரும் என்று நம்பலாம். வீட்டில் ஒப்பந்தம் என்று ஏதாவது போட வேண்டுமென்றால் முதலில் போட வேண்டியது இதைத்தான்: யாராவது எதைக் காட்டியாவது மிரட்டினால், நீ என்ன செய்திருந்தாலும், நேரே என்னிடம் வா, போனைப் பிடுங்க மாட்டேன், பள்ளியை நிறுத்த மாட்டேன், அன்றைக்குத் திட்ட மாட்டேன். கடைசி வாக்கியம்தான் கஷ்டம். பிள்ளைகள் இதைச் சோதித்தும் பார்ப்பார்கள். கணக்கில் மார்க் குறைந்ததைச் சொல்வார்கள், சிநேகிதன் சிகரெட் பிடித்ததைச் சொல்வார்கள். சிகரெட் பிடித்த பையனின் அம்மாவுக்கு அன்று மாலையே போன் போட்டால் அடுத்த செய்தி வராது. எடுத்த எடுப்பில் யாரும் பெரிய ரகசியத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை.

அப்படி வந்து சொன்ன பிறகு செய்ய வேண்டியவை அதிகமில்லை. பணம் கொடுக்கக் கூடாது. மெசேஜ்களை அழிக்கக் கூடாது, அவைதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு அந்தக் கணக்கைப் புகாரளித்து பிளாக் செய்யலாம். சைபர் குற்றங்களுக்கு 1930, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. படம் பரவிவிடுமே என்ற பயத்துக்கு ஓரளவு மருந்து 2023-இல் வந்தது. காணாமல் போன குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையை நடத்துகிறது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களுக்கானது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து ஒரு நீண்ட குறியீட்டு எண்ணைப் போனே கணக்கிடுகிறது. அந்த எண் மட்டும் வெளியே போகிறது. எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ஏற்றப்படும் படங்களின் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நீக்குகின்றன. வாட்ஸ்அப்பைப் போல இரு முனையும் பூட்டிய உரையாடலுக்குள் இது எட்டாது. பிள்ளையின் அந்தரங்கத்தைத் திறக்காமலே அதைக் காக்கும் பொறியியல் என்பதால், இந்த அத்தியாயத்தில் வரும் கருவிகளில் எனக்கு மரியாதை ஏற்படுத்துவது இது ஒன்றுதான்.

பெரிய நிறுவனங்கள் இப்போது நடுவழி ஒன்றைத் தேடுகின்றன. 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் அறிவித்த பதின்பருவக் கணக்குகளில், கடந்த ஏழு நாளில் பிள்ளை யார் யாரோடு மெசேஜில் பேசியது என்று பெற்றோர் பார்க்கலாம். என்ன பேசியது என்று பார்க்க முடியாது. ஸ்மெட்டானாவின் கோட்டைப் பார்த்து வரைந்ததுபோல் இருக்கிறது. யாரோடு என்பது பாதுகாப்பு, என்ன என்பது சொந்த விஷயம். முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன்; ஒரே பெயர் ஒவ்வொரு வாரமும் பட்டியலில் வந்தால் என்ன பேசினார்கள் என்று படிக்கத் தேவையே இல்லை. இருந்தாலும், பிள்ளைக்குத் தெரிந்தே நடக்கிறது என்பதால் ஒளிந்து பார்க்கும் ஆப்பைவிட எவ்வளவோ மேல்.

இந்தியச் சட்டமோ இன்னும் கோட்டையே போடவில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் நிறுவனங்களுக்குத் தடை. எட்டு வயதுக்கும் பதினேழரை வயதுக்கும் ஒரே விதி. ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது, 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தும்விட்டது. கம்பெனிக்காரனின் கண்ணிலிருந்து பிள்ளையை மறைக்கும் ஏற்பாடு சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அப்பாவின் கண்ணிலிருந்து எவ்வளவு மறைக்கலாம் என்பதை வீடுகளே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

பேசி முடிக்க முடியாத நேரங்களும் வரும். பத்து நாளாகச் சாப்பிடாத, தூங்காத பிள்ளை. உயிரை விடுவதைப் பற்றி எழுதிய துண்டுக் காகிதம். முப்பது வயது ஆள் ஒருவன் பேருந்து நிலையத்துக்கு வரச்சொல்லியிருப்பது தோழி வழியாகக் காதுக்கு எட்டியது. அப்போது போனைத் திறந்து பார்ப்பதைத் தப்பு என்று சொல்லும் ஆய்வாளர் எவரையும் நான் படித்ததில்லை. உறவைவிட உயிர் முந்தி. இதற்கும் ‘எனக்கென்னவோ சரியாகப் படவில்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தைப் பெற்றோர் நேர்மையாக அளக்க வேண்டியிருக்கும். என்ன கண்டதால் பார்க்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில் இன்னொருவரிடம் சொல்ல முடிகிறதா என்பது மோசமில்லாத அளவுகோல். கணவனிடமோ மனைவியிடமோ பள்ளி ஆலோசகரிடமோ அந்த வாக்கியத்தை முதலில் சொல்லிப் பார்க்கலாம். சொல்ல நா எழவில்லை என்றால் அது பிள்ளையின் ஆபத்தாக இருக்க வாய்ப்பில்லை, நம்முடைய பதற்றம்.

பார்த்தாகிவிட்டது என்றால் பார்த்ததைப் பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும், அன்றைக்கே. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்காமல் விட்டேன், ஏன் பார்த்தேன் என்று. தெரிந்துகொண்டதைச் சந்தேகம் வராதபடி வேறு பேச்சில் நைசாக நுழைக்கும் சாமர்த்தியம் பலிப்பதில்லை. ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அடுத்த நிமிடமே பிள்ளை கேட்கும். சோதனை எத்தனை நாள் நீடிக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் புதிய பாஸ்வேர்டைப் பிள்ளையே போட்டுக்கொள்ளட்டும்.